ஒரு மாத்திரை பிசகினால் வேறு ஆள்

ஹாருகி முரகாமி, அகிரா குரோசாவா, பாஷோ. தமிழில் வாசிக்கிறவர்களுக்கும் உலக சினிமா பார்க்கிறவர்களுக்கும் நன்கு பழகிய பெயர்கள். நம் இதழ்களிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் இவை இப்படித்தான் அச்சாகின்றன. ஜப்பானியர் வாயில் இவை வேறு மாதிரி ஒலிக்கும். ஹ-ரு-கி மு-ர-க-மி: ஏழு எழுத்தும் குறில். அ-கி-ர கு-ரொ-ச-வ: இதிலும் ஏழும் குறில். கவிஞர் பாஷோவின் பெயரில் முதலெழுத்து குறில், அடுத்தது மட்டுமே நெடில்: ப-ஷோ. நீட்டக் கூடாத இடத்தில் நாம் நீட்டுகிறோம். நீட்ட வேண்டிய வேறு பல பெயர்களைக் குறுக்கிவிடுகிறோம்.

ஜப்பானியம் கடினமான மொழி என்பதால் இந்தப் பிசகு வரவில்லை. அந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறி, ஆங்கில வாசிப்பின் பழக்கங்களையும் சுமந்துகொண்டு நம்மிடம் வந்து இறங்குகின்றன. உயிரொலி குறிலா நெடிலா என்று ஆங்கில எழுத்து காட்டுவதில்லை. ஜப்பானியப் பெயருக்கோ அந்த நீளம்தான் அடையாளம். நீளத்தை அளக்கும் கோல் தொல்காப்பியக் காலத்திலிருந்தே தமிழிடம் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தினால், ஆங்கிலம் பேசுகிறவர்களைவிடத் தமிழர்களால் ஜப்பானியப் பெயர்களைத் திருத்தமாகச் சொல்ல முடியும்.

மோராவும் மாத்திரையும்

ஜப்பானியர்கள் மூன்று வகை எழுத்துக்களைக் கலந்து எழுதுகிறார்கள். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துக்கள் பொருளைத் தாங்குபவை. ஹிரகன, கதகன என்ற மற்ற இரண்டும் ஒலியைக் குறிப்பவை; ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துக்கள். ஒலியெழுத்து ஒன்றைச் சொல்ல ஆகும் நேரம் ஓர் அலகு. மொழியியலில் இதற்கு மோரா என்று பெயர்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் மாத்திரையை வரையறுக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியத்திலும் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மெய்யில்தான் வேறுபாடு: தனித்து நிற்கும் 'ன்' ஒலிக்கும், இரட்டிக்கும் மெய்யின் முதல் பாதிக்கும் அரை போதாது, முழுசாக ஒன்று தர வேண்டும். கென், ஜுன், ரென் போன்ற பெயர்கள் நம் கணக்கில் ஒன்றரை மாத்திரை, அவர்கள் கணக்கில் இரண்டு மோரா.

ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்த ஆய்வுகளில், எல்லா மோராவும் அச்சடித்ததுபோல ஒரே நீளத்தில் இருப்பதில்லை என்று தெரிந்தது. க, ஷ போன்ற ஒலிகளின் இயல்புக்கேற்ப கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் ஒரு சொல்லின் மொத்த நீளம் அதிலுள்ள மோராக்களின் எண்ணிக்கையை ஒட்டியே வளர்கிறது. ஒன்று நீண்டால் பக்கத்தில் உள்ளது குறைந்து ஈடுகட்டிவிடும்.

ஜப்பானியக் கவிதையின் அளவும் இதுதான். 1916-இல் சுதேசமித்திரனில் பாரதியார் ஜப்பானியக் கவிதையை அறிமுகப்படுத்தியதிலிருந்து அந்தச் சிறு வடிவத்தின் மீது நமக்கு ஒரு பிரியம். ஐந்து, ஏழு, ஐந்து என்று அதில் எண்ணப்படுபவை மோராக்கள். ஹைக்கூ என்று நாம் சொல்லும் சொல்லே அங்கே ஹ-இ-கு என்று மூன்று மோராதான். இரட்டித்த ககரமும் இல்லை, நெடிலும் இல்லை. ஐந்து மோராவில் முடிய வேண்டிய அடியில் இப்படி ஒரு சொல் நீண்டால் அடியே உடைந்துவிடும். பெயரிலும் அவ்வளவுதான் இடம்.

நீளம் மாறினால் ஆள் மாறும்

யுகி என்பது ஒரு பெயர். யூகி என்பது இன்னொரு பெயர். முதலாவது பெண்களிடம் பரவலானது. இரண்டாவதை ஆண்களிடம் அதிகம் பார்க்கலாம். யுகொவும் யூகொவும் இரண்டு வேறு பெண்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகும். 19-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்ன் தொகுத்த அகராதியிலிருந்து வளர்ந்த எழுத்துமுறைதான் இன்றும் பெருவழக்கு. அதில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் தலையில் ஒரு கோடு போடுவது உண்டு. அச்சிலும் கணினியிலும் அந்தக் கோடு எளிதில் உதிர்ந்துவிடும். ஜப்பானியக் கடவுச்சீட்டில் கோடு போடுவதே இல்லை. நீண்ட ஓகாரத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் 'ஓ'-வுக்குப் பின்னால் 'ஹெச்' எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பேஸ்பால் வீரர் ஷோஹே ஓதனியின் பெயரை ஆங்கிலத்தில் பார்த்தால் இந்தக் குழப்பம் முழுசாகத் தெரியும். சட்டையின் முதுகில் உள்ள குடும்பப் பெயரில் 'ஓ'-வுக்குப் பின் 'ஹெச்' இருக்கிறது. அவருடைய சொந்தப் பெயரில் 'ஷோ'-வுக்குப் பின் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நெடில்தான். ஓ-த-னி நான்கு மோரா. ஷோ-ஹே அதுவும் நான்கு மோரா. எழுத்தில் 'ஹெ-இ' என்று இருந்தாலும் பேச்சில் அது 'ஹே' என்று நீளும். கெய்கோ என்று நாம் எழுதும் பெண் பெயரும் இப்படித்தான் கே-கொ என்று ஒலிக்கும்.

தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று ஆயுள் முழுக்க வாதிட்ட அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008). அவருடைய கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை; ஆனாலும் தமிழறிஞர்கள் நடுவே அவருக்குத் தனி மரியாதை உண்டு. கலைஞரும் பாடகருமான யோகோ ஓனோவின் பெயரும் நாம் அறிந்ததே. தமிழில் இருவரையும் 'ஓனோ' என்றே எழுதுகிறோம். ஒரே குடும்பப் பெயர் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அறிஞர் ஓ-னொ: மூன்று மோரா. கலைஞர் ஒ-னொ: இரண்டே மோரா. முன்னவருடையது 'பெரிய' என்ற எழுத்தில் தொடங்குகிறது, பின்னவருடையது 'சிறிய' என்ற எழுத்தில். கலைஞரின் சொந்தப் பெயரில்தான் நெடில் இருக்கிறது: யோ-கொ. ஆங்கிலத்தில் மறைந்துபோகும் இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் ஒகரமும் ஓகாரமும் தனித்தனியாக இருக்கின்றன. இருந்தும் நாம் பயன்படுத்துவதில்லை.

அதற்கு ஒரு காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. எகரமும் ஒகரமும் தமிழ்ச் சொல்லின் முதல் அசையோடு பெரும்பாலும் நின்றுவிடும். சொல்லின் இறுதியில் அவை வருவது அரிதினும் அரிது. அதனால் 'ஹனகொ' என்று எழுதினால் கண்ணுக்கு ஏதோ குறைபட்டதுபோல் இருக்கிறது. கை தானாகவே 'ஹனகோ' என்று எழுதிவிடுகிறது. கமலா, சுதா என்று ஆகாரத்தில் முடியும் பெயர்களுக்குப் பழகிய காது அகிரவை அகிரா ஆக்குகிறது. வழக்கத்தில் ஊன்றிவிட்ட எழுத்தை மாற்ற முடியாமல் போகலாம். உச்சரிக்கும்போதாவது குறிலாகச் சொல்ல முடியும்.

ன் என்ற முழு எழுத்து

2001 முதல் 2006 வரை ஜப்பானின் பிரதமராக இருந்த கொய்சுமியின் சொந்தப் பெயரைத் தமிழ் நாளிதழ்கள் ஜூனிச்சிரோ என்று எழுதின. அந்தப் பெயரை இப்படிப் பிரிக்க வேண்டும்: ஜு-ன்-இ-சி-ரோ. ஆறு மோரா. (இந்தச் 'சி', பச்சை என்ற சொல்லில் வரும் ச்-ஒலி, ஆனால் இரட்டிக்காது.) 'ன்' தனியாக ஒரு மோரா நிற்கிறது, பிறகு 'இ' புதிதாகத் தொடங்குகிறது. மெய்யின் மேல் உயிர் ஏறிக்கொள்வது தமிழின் இயல்பு. ஜப்பானிய 'ன்' அதற்கு இடம் கொடுக்காது. ஷின்-இசி, கென்-இசி என்ற பெயர்களிலும் இதே இடத்தில்தான் நாக்கு வழுக்கும். னகரத்தை 'னி' ஆக்கிவிடாமல், மூக்கில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு இகரத்தைத் தொட வேண்டும்.

இதே 'ன்' மெய்யெழுத்துக்களுக்கு முன்னால் வந்தால் தமிழருக்கு எந்தச் சிரமமும் இல்லை. பகர மகர ஒலிகளுக்கு முன் அது 'ம்' ஆகும்: ஜும்பே, ஷிம்பே. ஜகரத்தின் முன் 'ஞ்' ஆகும்: கெஞ்ஜி. ககரத்தின் முன் 'ங்' ஆகும்: ரிங்கொ. ஜப்பானியர் எழுதுவது ஒரே எழுத்து. வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. சங்கு, பஞ்சு, பம்பரம் என்று எழுத்திலேயே இந்த மாற்றத்தைப் பதிந்துவைத்திருக்கும் மொழி தமிழ்.

இரட்டிக்கும் மெய்யும் அப்படியே. கவிஞர் இஸ்ஸாவின் பெயர் இ-ஸ்-ஸ, மூன்று மோரா. இப்பே, தெப்பே என்ற ஆண் பெயர்களில் பகரம் உண்மையாகவே இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மெய் இப்படி அழுத்தமாக இரட்டிப்பதில்லை. படு, பட்டு என்று பிள்ளைப் பருவத்திலேயே பிரித்துச் சொல்லப் பழகியவர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை.

குற்றியலுகரத்தின் உறவினர்

டைசுகே என்ற பெயரை ஜப்பானியர் சொன்னால் 'டைஸ்கெ' என்று கேட்கும். அசுக என்ற பெயர் 'அஸ்க' ஆகும். கவிஞர் யொசனொ அகிகொவின் சொந்தப் பெயரில் நடுவில் உள்ள இகரம் மூச்சுக் காற்றாக மட்டும் மிஞ்சும். உயிர் முற்றிலும் விழுந்துவிட்டதோ என்று தோன்றும். விழவில்லை, குரல் மட்டும்தான் நின்றுபோகிறது.

உயிரொலி பிறக்கத் தொண்டையின் குரல்நாண்கள் நெருங்கி அதிர வேண்டும். க, ச, ட போன்ற வல்லொலிகளுக்கு அவை விலகி நிற்கும். இகரமும் உகரமும் நாக்கை மேலே தூக்கி, வாய் வழியைக் குறுக்கிச் சொல்லும் ஒலிகள். எல்லா உயிர்களிலும் குறுகியவை. இரண்டு வல்லொலிகளுக்கு நடுவே இவற்றில் ஒன்று அகப்பட்டால், விலகிய குரல்நாண்கள் மறுபடி நெருங்கி அதிர்வதற்குள் அடுத்த வல்லொலியின் முறை வந்துவிடுகிறது. வாயின் வடிவம் இகரத்துக்கோ உகரத்துக்கோ உரியதாகவே இருக்கும். ஒலி மட்டும் கிசுகிசுப்பாக வெளியேறும்.

தமிழ் இலக்கணம் குற்றியலுகரம், குற்றியலிகரம் என்று இரண்டைப் பிரித்துவைத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குறுகுபவை அதே இரண்டு உயிர்கள். உகரம் குறுகுவதும் வல்லின மெய்யை ஊர்ந்து வரும்போதுதான். பாக்கு, பட்டு என்று சொல்லும்போது இறுதி உகரத்தில் இதழ் குவிவதில்லை. ஜப்பானிய உகரமும் பெரும்பாலும் அந்த மாதிரி இதழ் குவியாத உகரமே. சுசுமு என்ற பெயரை உதட்டைக் குவித்துச் சொன்னால் அயல்வாடை வரும். பாக்கின் உகரத்தைப் போட்டால் ஏறக்குறைய சரியாகிவிடும். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. நம் உகரம் குறுகினால் மாத்திரையும் பாதியாகும். அங்கே ஒலி தேய்ந்தாலும் மோரா தேயாது. ட-இ-சு-கெ நான்கு மோராவாகவே நிற்கும்.

நம் எழுத்து தடுமாறும் இடங்கள்

தமிழ் எழுத்து எல்லா இடத்திலும் கைகொடுக்காது. சொல்லின் நடுவில் தனித்து வரும் வல்லினத்தை நாம் மென்மையாக்கிப் படிப்போம். 'அகிர' என்ற எழுத்தைப் பார்த்தால் நாகத்தில் வரும் ககரம்தான் வாயில் வரும். வேண்டியது பக்கத்தில் வரும் ககரம், இரட்டிக்காமல். சொல்லின் முதலில் இதற்கு நேர்மாறான சிக்கல். டைசுகே என்பதை 'தைசுகே' என்று எழுதினால் வல்லொலியாகத்தான் படிப்போம்; அப்படிப் படித்தால் அது தைசுகே என்ற வேறொரு ஆணின் பெயர்.

ரகரத்தில் நமக்கு நல்ல வாய்ப்பு. மரம் என்பதில் நாக்கு நுனி ஒரே ஒருமுறை தட்டும் ரகரம் ஜப்பானிய ரகரத்துக்கு மிக நெருக்கமானது. ஃபுமிகொ என்ற பெயரின் முதல் ஒலியில் பல் உதட்டைத் தொடாது. இரண்டு உதடுகளுக்கும் நடுவே காற்றை ஊத வேண்டும். நத்ஸுகி, தெத்ஸுய ஆகிய பெயர்களில் தகரமும் ஸகரமும் சேர்ந்து ஒரே ஒலியாக வரும்.

'ரி'யும் யகரமும் சேரும் இடத்தில் கவனம் வேண்டும். வெர்சாயின் ரோஜா என்ற புகழ்பெற்ற சித்திரக்கதையை 1972-இல் தொடங்கிய ஓவியர் இகெத ரியொகொ. அவர் பெயர் ரி-யொ-கொ. ர்யோகொ என்பது வேறு பெயர். அதில் ர்யொ ஒரே மோரா, அது நீண்டு இரண்டாகி, பிறகு கொ. இரண்டுமே மூன்று மோராதான். எண்ணிக்கை ஒன்றானாலும் பெயர் வேறு.

உயிர்கள் அடுத்தடுத்து வரும்போது இன்னொரு பழக்கம் குறுக்கே வருகிறது. உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவே யகரமோ வகரமோ நுழைவது தமிழ்ப் புணர்ச்சி. அதனால் டென்னிஸ் வீராங்கனை ஒசாகாவின் சொந்தப் பெயரை நவோமி என்று எழுதுகிறோம். அது ந-ஒ-மி. குழந்தைகளுக்கு விரும்பி வைக்கப்படும் அஒஇ என்ற பெயர் மூன்று உயிர்களால் மட்டுமே ஆனது. அதை 'அவோயி' ஆக்காமல், உடம்படுமெய் இல்லாமல், மூன்று உயிரையும் தனித்தனி மோராவாகத் தொட்டுச் செல்ல வேண்டும்.

இவற்றுக்கு மேல் குரலின் ஏற்ற இறக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் ஓர் அசையை அழுத்தி, நீட்டி, உரக்கச் சொல்வார்கள். ஜப்பானியத்தில் அழுத்தம் கிடையாது. சுருதி மட்டும் மாறும். கொ-வில் முடியும் மூன்று மோராப் பெண் பெயர்கள் பெரும்பாலும் தோக்கியோ வழக்கில் முதல் மோராவில் உயர்ந்து பிறகு இறங்கும்: ஹனகொ, தொமொகொ, யோகொ. ஆங்கிலேயர் 'தொ-மோ-கொ' என்று நடுவில் அழுத்துவது ஜப்பானியர் காதில் உறுத்தும். ஆனால் ஒசாகா வட்டாரத்தின் சுருதி வேறு. சுருதி வேறுபாடே பொருட்டில்லாத வட்டாரங்களும் ஜப்பானில் உண்டு. ஆகவே முதலில் மோராக்களைச் சமமாக, அழுத்தமில்லாமல் சொல்லப் பழகுவது போதும்.

எழுதியதைப் படிக்க ஜப்பானியரும் கேட்டே ஆக வேண்டும்

இவ்வளவும் பெயரின் ஒலி தெரிந்த பிறகு. அந்த ஒலியைத் தெரிந்துகொள்வது ஜப்பானியர்களுக்கே எளிதல்ல. கான்ஜி எழுத்து ஒவ்வொன்றுக்கும் பல வாசிப்புகள் இருப்பதுதான் காரணம். ஓதனியின் பெயரையே மறுபடி எடுத்துக்கொள்வோம். குடும்பப் பெயரின் முதலெழுத்து 'பெரிய' என்ற பொருளுடையது. அங்கே அதை ஓ என்று படிக்கிறார்கள். சொந்தப் பெயரின் முதலெழுத்து வானில் உயர்ந்து பறப்பதைக் குறிப்பது. அங்கே அது ஷோ. இந்த இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த நூற்றாண்டில் மிகவும் விரும்பி வைக்கப்பட்ட ஓர் ஆண் பெயர் கிடைக்கும். ஆனால் அதை ஓஷோ என்று யாரும் படிப்பதில்லை. ஹிரொதொ என்று படிக்கலாம், ஹருதொ என்று படிக்கலாம். யமதொ, தைக என்று வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பறக்கும் எழுத்து மட்டும் தனியாக நின்றால் ஷோ, த்ஸுபச, ககெரு என்று மூன்று வேறு பெயர்களாகும். பெற்றோர் எதை நினைத்து வைத்தார்கள் என்பது எழுத்தைப் பார்த்தால் தெரியாது.

குழந்தைப் பெயருக்கு எந்தக் கான்ஜியைப் பயன்படுத்தலாம் என்பதற்கு ஜப்பானில் சட்டம் இருக்கிறது: பொதுப் பயன்பாட்டு எழுத்துக்கள் 2,136, அவற்றோடு பெயர்களுக்கென்றே அனுமதிக்கப்பட்ட 860-க்கும் மேற்பட்டவை. எழுத்தை இவ்வளவு கறாராக வரையறுத்த சட்டம், அதை எப்படிப் படிப்பது என்பதை நெடுங்காலம் பெற்றோரிடமே விட்டுவிட்டது. குடும்பப் பதிவேட்டில் பெயரின் ஒலிக்கு இடமே இல்லாமல் இருந்தது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2025 மே 26 முதல் ஒவ்வொருவர் பெயரின் வாசிப்பும் பதிவேட்டில் ஏறுகிறது. எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட வாசிப்பாக அது இருக்க வேண்டும் என்பதும் விதி.

இந்தப் பின்னணியில் ஒரு நல்ல வழக்கம் வளர்ந்திருக்கிறது. விண்ணப்பப் படிவங்களில் பெயருக்கு மேலே ஒலியெழுத்தில் வாசிப்பை எழுதத் தனிக் கட்டம் இருக்கும். முகவரி அட்டையைப் பெற்றுக்கொண்டதும் "இதை எப்படிப் படிக்க வேண்டும்?" என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவல்ல. ஜப்பானிய நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் தயங்காமல் கேட்கலாம். கேட்டு, மோரா மோராவாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளலாம். சொந்தப் பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக அதைச் சொல்லி அழைத்துவிடக் கூடாது. அலுவலகத்திலும் புதிய அறிமுகத்திலும் குடும்பப் பெயரோடு 'சன்' என்ற மரியாதை விகுதியைச் சேர்ப்பதே முறை. எழுதும் வரிசையிலும் குடும்பப் பெயர்தான் முன்னால். ஆங்கில எழுத்தில் எழுதும்போதும் இந்த வரிசையையே பின்பற்றுவதென்று 2020 ஜனவரியிலிருந்து ஜப்பானிய அரசு ஆவணங்களில் நடைமுறை வந்திருக்கிறது.

நம் பெயர்களும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. 1998-இல் ஜப்பானில் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்ற 'முத்து' படத்தின் பெயரைக் கதகனவில் முதூ என்று நீட்டாமல், முத்து என்று இரட்டிக்கவும் செய்யாமல், 'முது' என்று இரண்டே மோராவில் எழுதினார்கள். இரட்டிக்கும் குறி அவர்களிடம் இருந்தும் அது அந்தப் பெயரில் ஏறவில்லை. மூன்றாவது மொழியின் எழுத்து வழியாகப் பயணம் செய்யும் பெயர்களுக்கு இந்த இழப்பு இரு பக்கமும் நேர்கிறது.

தமிழில் ஜப்பானிய இலக்கியம் ஆண்டுதோறும் கூடுதலாக வருகிறது. திரைப்படங்கள், அனிமேக்கள், மாங்காக்கள் வழியாக நூற்றுக்கணக்கான பெயர்கள் நம் பிள்ளைகளின் வாயில் புழங்குகின்றன. ஒரு பெயரைத் தமிழில் எழுதும் முன் மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாளரும் அதன் ஹிரகன வடிவத்தை ஒருமுறை பார்த்தால் போதும். இணையத்தில் எந்த எழுத்தாளர், எந்த வீரர் பெயருக்கும் அது கிடைக்கும். நெடில் எங்கே, 'ன்' தனித்து நிற்கிறதா, மெய் இரட்டிக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் விடை அதிலேயே தெரியும். விடை தெரிந்தபின் எழுதுவதற்கு எ-வும் ஏ-வும், ஒ-வும் ஓ-வும் தனித்தனியாக வைத்திருக்கும் எழுத்து நம்முடையது. ஆங்கிலத்திலிருந்து அல்லாமல் ஜப்பானியத்திலிருந்தே பெயர்களை எடுத்து எழுதும் வழக்கத்தைத் தமிழ்ப் பதிப்புலகம் இப்போதே தொடங்கலாம்.